முதுகுக்குப் பின்னால் நிற்பவர்

புளியோதரையா, சப்பாத்தியா என்ற வாக்குவாதம் எங்கள் வீட்டில் தொடங்கிவிட்டது என்றால் பேக்ஸ் நெருங்கிவிட்டது என்று பொருள். சென்ற ஆண்டு புளியோதரை வென்றது. எண்ணெய்க் கையோடு கன்ட்ரோலரைத் தொடக் கூடாது என்று மகன் ஸ்பூன் கேட்டான். ஸ்பூனை நான் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். கையால் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக்கொள் என்றதற்கு ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். இந்த ஆண்டு இரண்டு ஸ்பூன்கள் பையின் முன்பக்க அறையில் இப்போதே ஏறிவிட்டன. திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாட்கள் இருக்கின்றன.

பேக்ஸ் என்பது வீடியோ கேம் பிரியர்கள் கூடும் விழா. பென்னி ஆர்கேட் என்ற இணையச் சித்திரத் தொடரை 1998 முதல் நடத்திவரும் மைக் கிராஹுலிக், ஜெர்ரி ஹோல்கின்ஸ் என்ற இரு நண்பர்கள் 2004இல் இதைத் தொடங்கினார்கள். இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் ரெட்மண்டுக்குப் பக்கத்து ஊரான பெல்வியூ. முதல் ஆண்டு வந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். கூட்டம் பெருகியதும் 2007இல் ஏரிக்கு அந்தப் பக்கம், சியாட்டில் மாநாட்டு மையத்துக்கு இடம் மாற்றினார்கள். பின்னர் பாஸ்டனிலும் மெல்பர்னிலும் கிளைகள் முளைத்ததால், மூத்த பிள்ளைக்கு 2016 முதல் பேக்ஸ் வெஸ்ட் என்று பெயர். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை இங்கே தொழிலாளர் தின விடுமுறை. அதை ஒட்டி வெள்ளி முதல் திங்கள் வரை நான்கு நாட்கள் நடக்கும்.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது ஐ-5 நெடுஞ்சாலையின் தலைக்கு மேலேயே கட்டப்பட்டது. காலடியில் கனடா எல்லையை நோக்கி நிஜ லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ஆயிரக்கணக்கானவர்கள் திரையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் உள்ளே நுழையும்போது இந்த நினைப்பு வந்து, நானே சிரித்துக்கொள்வேன்.

என் கணவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை. ஆனால் ஆண்டு தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "ஸ்டீமில்தான் எல்லா டெமோவும் சும்மாவே கிடைக்கிறதே, வீட்டிலேயே சோபாவில் உட்கார்ந்து விளையாடலாமே?" கணக்குப்படி அவர் சொல்வது சரி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரியிலும் ஜூனிலும் அக்டோபரிலும், நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற பெயரில் இணையத் திருவிழா நடத்துகிறது. வெளிவரவிருக்கும் விளையாட்டுகளின் டெமோக்கள், அதாவது சாம்பிள் பகுதிகள், நூற்றுக்கணக்கில் குவியும், காலணா செலவில்லை. பெரிய நிறுவனங்களும் தங்கள் அறிவிப்புகளை நேரடியாக இணையத்திலேயே காட்டிவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸில் பல காலம் கொடிகட்டிப் பறந்த இ3 கண்காட்சியே இதைத் தாங்காமல் 2019க்குப் பிறகு மக்களைக் கூட்டவில்லை. 2023 டிசம்பரில் அதற்கு முறைப்படி மூடுவிழாவும் நடத்திவிட்டார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து அம்மா கேட்கும் கேள்வி வேறு. "திருச்செந்தூரில் பொது வரிசையில் நிற்க முடியாது, கால் வலிக்கிறது என்று நூறு ரூபாய்ச் சீட்டு வாங்கியவள்தானே நீ?"

ஆமாம், நான்தான். கணவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் அண்ணனிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தொண்ணூறுகளில் துபாய்ச் சித்தப்பா ஒரு டிவி கேம் பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். மேலே கேசட் செருகுவது, இரண்டு கன்ட்ரோலர்கள், எதுவும் வேலை செய்யவில்லை என்றால் கேசட்டின் வாயில் ஊதுவது. அந்த இரண்டு கன்ட்ரோலர்களும் அண்ணனுக்கும் அவன் சிநேகிதனுக்கும் எழுதிவைத்தவை. எனக்கு வாய்த்தது அண்ணனின் முதுகு. அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபடி "மேலே, மேலே! குதி!" என்று கத்திக்கொண்டே இருப்பேன். "பின்னால் நின்று உயிரை வாங்காதே" என்பான். ஆனால் நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டால், குழி வரும் இடத்தில் "ஏய், இங்கே எப்படி?" என்று அங்கிருந்தே குரல் வரும். விளையாடுகிறவனின் கண்ணுக்குத் தப்புவது பின்னால் நிற்பவளின் கண்ணுக்குத் தெரியும் என்பதை அன்றே தெரிந்துகொண்டேன்.

பள்ளிக் கணினி அறையில் டேஞ்சரஸ் டேவ் விளையாட்டின் நாயகன் டேவ் வந்தான். அந்தத் தலைமுறை வாசகர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கோப்பையை எடுக்காமல் கதவருகே போய் முட்டி முட்டி நின்ற தோழிகளை இன்னும் நினைவிருக்கிறது. அந்த விளையாட்டை எழுதிய ஜான் ரொமேரோதான் பின்னாளில் டூம் என்ற புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைச் செய்தவர்களில் ஒருவர் என்பது அமெரிக்கா வந்த பிறகுதான் தெரிந்தது. கல்லூரிக் காலத்தில் டிஜிட் பத்திரிகையோடு வரும் குறுந்தகட்டில் டெமோக்கள் இருக்கும். முழு விளையாட்டை வாங்கக் காசு ஏது? ஒரு கார்ப் பந்தய டெமோவின் ஒரே ஒரு சாலையை ஓராண்டு முழுக்க ஓட்டியிருக்கிறேன். அந்தச் சாலையில் எந்த வளைவில் எந்த மரம் நிற்கிறது என்று இப்போதும் சொல்வேன்.

ஆகவே டெமோ மீது எனக்கு அலாதிப் பிரியம் உண்டு. அதேசமயம் அதை முழுதாக நம்பவும் மாட்டேன். கண்காட்சியில் வைக்கும் டெமோ, விளையாட்டின் முதல் இருபது நிமிடத்தை அப்படியே வெட்டி வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அந்த நான்கு நாட்களுக்கென்றே தனியாகச் செய்யப்பட்ட ஒன்று. நடுக்கதையிலிருந்து ஒரு சண்டை, கடைசிக் கட்டத்திலிருந்து ஓர் ஆயுதம், அழகான ஒரு மலைக்காட்சி எல்லாவற்றையும் பதினைந்து நிமிடத்துக்குள் அடக்கியிருப்பார்கள். வழக்கமாகத் திறக்கும் கதவுகளைப் பூட்டியிருப்பார்கள். வந்தவர் தோற்றுப்போய்க் கோபித்துக்கொண்டு போகக் கூடாது என்று எதிரிகளின் பலத்தைக் குறைத்திருப்பார்கள். யாரும் தொடாமல் சற்று நேரம் விட்டால் அதுவே முதல் திரைக்குத் திரும்பி, போகிறவர் வருகிறவரைக் கைதட்டி அழைக்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊர் அல்வாக் கடையில் இலைத் துண்டில் வைத்துத் தரும் அல்வா, விற்பனைக்கு இருக்கும் அதே கடாயில் கிண்டியது. இது அப்படியல்ல. சாம்பிளுக்கென்றே தனிக் கடாயில் கிண்டிய அல்வா.

இதற்குப் பெரிய சாட்சி டியூக் நியூகெம் ஃபாரெவர். 1997இல் அறிவிக்கப்பட்டு, வருகிறது வருகிறது என்று சொல்லியே கேலிப்பொருளாகிப்போன விளையாட்டு. 2010 செப்டம்பரில் இதே பேக்ஸில், முன்னறிவிப்பே இல்லாமல், விளையாடும் நிலையில் கொண்டுவந்து வைத்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! வரிசை வளைந்து வளைந்து போனது. வெளியே வந்தவர்கள் மலர்ந்த முகத்தோடு வந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் முழு விளையாட்டு கடைக்கு வந்தபோது விமர்சகர்கள் தோலை உரித்துவிட்டார்கள். வரிசையில் நின்ற யாரும் ஏமாளி இல்லை. அவர்கள் ருசித்தது காத்திருப்பின் ருசி, அது உண்மையானதுதான். ஆனால் அதை வைத்து விளையாட்டை எடைபோட முடியாது.

என் மகனுக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்தும் சென்ற ஆண்டு ஒரு பெரிய நிறுவனத்தின் அரங்கு முன்னால் இரண்டு மணி நாற்பது நிமிடம் நின்றான். பெயர் வேண்டாம். அவனுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் சேர்ந்ததும், என்ஃபோர்சர் என்று இங்கே அழைக்கப்படும் விழா ஊழியர் ஒருவர் வந்து, இதற்கு மேல் ஆள் கிடையாது என்று பலகையைத் தூக்கிப் பிடித்துவிட்டார். அந்தப் பலகையைக் கடந்துவிட்டதே பெரிய வெற்றி என்பதுபோல் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நடுவில் குக்கீ பிரிகேட் ஆட்கள் வந்தார்கள். வீட்டில் செய்த பிஸ்கட்டுகளைக் கொடுத்து நன்கொடை திரட்டுகிறவர்கள். பணம் சைல்ட்ஸ் ப்ளே என்ற அறக்கட்டளைக்குப் போகும். மருத்துவமனையில் கிடக்கும் குழந்தைகளுக்குப் பொம்மைகளும் வீடியோ கேம்களும் வாங்கித் தருவதற்காக, பேக்ஸைத் தொடங்கிய அதே இருவர் 2003இல் ஏற்படுத்தியது. பசித்தவனுக்கு அந்த பிஸ்கட் அமுதமாக இருந்திருக்க வேண்டும். ஐந்து டாலர் என் கையிலிருந்து போனது.

கடைசியில் அவனுக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். நான் கவனித்தது ஒன்றைத்தான். அவன் பின்னால் நின்ற பணியாளர் ஒருமுறைகூடத் திரையைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாம் நிமிடம் ஒரு பொத்தானை அழுத்தினார், வாளை ஓங்கிய நிலையிலேயே மகனின் வீரன் காணாமல் போனான். "நன்றாக இருந்தது" என்று வெளியே வந்து சொன்னான், சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைத் திருகினான். பஸ்ஸில் வரும்போது அவன் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் வரிசையில் பழக்கமான மூன்று பையன்களைப் பற்றித்தான்.

நான் போவது மண்டபத்தின் ஓரங்களுக்கு. அங்கே இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்த விளையாட்டுகள் இருக்கும். ஒரு மேசை, ஒரு திரை, சுருங்கிப்போன ஒரு துணிப் பதாகை. இந்த இடத்துக்கான வாடகையே அவர்களுக்குப் பெரிய தொகை. தனியாகக் கட்டுப்படியாகாது என்று பலர் சேர்ந்து பணம் போட்டு ஒரே பெரிய அரங்காக எடுக்கும் வழக்கம் 2012இல் பாஸ்டன் பேக்ஸில் இண்டி மெகாபூத் என்ற பெயரில் தொடங்கி இங்கேயும் வந்தது. 2008 முதல் பத்துச் சிறிய விளையாட்டுகளைத் தேர்ந்தெடுத்துத் தனியாகக் காட்டும் ஏற்பாடும் இருந்தது. ஒரு கதைசொல்லியின் கரகரத்த குரல் நாம் செய்வதையெல்லாம் உடனுக்குடன் வர்ணிக்கும் பாஸ்டியன் 2010இல் அப்படித்தான் மக்கள் கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு அது வெளிவந்து, செய்த சிறு குழுவைத் தலைநிமிர வைத்தது. எங்கள் ரெட்மண்டிலேயே இன்னொரு கதை உண்டு. டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் படிப்புக்காகச் செய்த விளையாட்டைக் கல்லூரியின் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த வால்வ் நிறுவனம் மொத்தக் குழுவையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. அதிலிருந்து வளர்ந்து 2007இல் வந்ததுதான் போர்ட்டல்.

சென்ற ஆண்டு சனிக்கிழமை, மகன் வரிசையில் நண்பர்கள் பிடித்துவிட்டான் என்று தெரிந்ததும் நான் அப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தேன். கன்ட்ரோலரின் நடுப் பொத்தான் மேல் நீல நாடா ஒட்டியிருந்தது. யாராவது தெரியாமல் அழுத்தி விளையாட்டை விட்டு வெளியேறிவிடக் கூடாதே. விளையாட்டில் ஒரு சிறுமி, கையில் விளக்கு, இருட்டு வீடு. மூன்றாவது அறையில் மாட்டிக்கொண்டேன். எதிர்ச் சுவரில் ஒரு கதவு. விளக்கைக் காட்டினேன், திறக்கவில்லை. தள்ளினேன், தட்டினேன், மேசை நாற்காலிகளை எல்லாம் துழாவினேன். கோப்பையை எடுக்காமல் முட்டி நின்ற டேவ் நினைவுக்கு வந்தான். ஆறு நிமிடம் போயிருக்கும். என் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அதைச் செய்த பெண் நின்றுகொண்டிருந்தாள், இருபத்தைந்து வயது இருக்கலாம். ஒரு கையில் பாக்கெட் நோட்டு. இன்னொரு கை விரல்கள் நாற்காலி முதுகை இறுக்கிப் பிடித்திருந்தன. சொல்லிவிடலாம் என்று துடிக்கிறாள், சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடிக்கிறாள். அண்ணனுக்குப் பின்னால் நின்ற என் கால்களுக்கு அந்தத் துடிப்பு நன்றாகத் தெரியும். அவளால் கத்தாமல் இருக்க முடிந்தது, என்னால் முடிந்ததில்லை.

விளையாடி முடித்தபின் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீங்கள் எதைக் கதவு என்று நினைத்தீர்கள்?" விரலை நீட்டிக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அது கதவே இல்லை. சுவரில் மாட்டிய ஓவியம். அதன் சட்டத்தில் விளக்கொளி பட்டதால் நிலைப்படி போலத் தெரிந்திருக்கிறது. அவள் நோட்டில் ஏதோ எழுதி, எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டாள்.

திங்கட்கிழமைக்கும் ஒரு நாள் அட்டை வாங்கி வைத்திருந்தேன். அந்தப் பக்கம் போனபோது என்னை அடையாளம் கண்டு, வாருங்கள் என்று கையைக் காட்டி அழைத்தாள். மூன்றாவது அறையை நேராகத் திறந்து காட்டினாள். எதிர்ச் சுவர் வெறும் சுவராக இருந்தது. இரண்டு இரவுகளில் விடுதி அறையில் உட்கார்ந்து அந்த ஓவியத்தைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள். என்னைத் தவிர இன்னும் ஒன்பது பேர் அதே சுவரில் முட்டினார்களாம்.

பகலில் நான் செய்யும் வேலையும் மென்பொருளைச் சோதிப்பதுதான். நான் எழுதி அனுப்பும் பிழை அறிக்கைக்கு எட்டு வாரம் கழித்து "இது பிழையல்ல, இப்படித்தான் வடிவமைத்திருக்கிறோம்" என்று பதில் வரும். ஆகவே ஒரு சுவர் இரண்டே இரவில் மாறியதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட குளிர்ச்சியை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இந்த ஆண்டு வசந்தத்தில் அந்த விளையாட்டு வெளிவந்தது. வாங்கிய அன்றே மூன்றாவது அறைக்குப் போய் அந்த வெறும் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன இருக்கிறது இங்கே?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாமல் இருப்பதுதானே விஷயம்.

சோபாவில் உட்கார்ந்து ஸ்டீமில் விளையாடினால் இது நடக்காது. அங்கே நான் மாட்டிக்கொண்டால் சலித்துப்போய் மூடிவிடுவேன், எங்கே மூடினேன் என்பது வேண்டுமானால் அவர்களுக்கு ஓர் எண்ணாகப் போய்ச் சேரும். என் முகம் போய்ச் சேராது.

இப்போதெல்லாம் இந்த மேசைகளில் உட்கார எனக்கென்று சில பழக்கங்கள் வந்துவிட்டன. மாட்டிக்கொண்டால் வழி கேட்பதில்லை, உண்மையாகவே மாட்டிக்கொள்கிறேன். தோன்றுவதை வாய்விட்டுச் சொல்கிறேன், "இது ஏணி போலிருக்கிறது, ஏறலாமா?" என்று. சலித்தால் கொட்டாவியை அடக்குவதில்லை. எழுந்திருக்கும்போது "பிரமாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடுவது மரியாதை போலத் தெரியும். ஆனால் அது மொய் எழுதாமல் பந்தியில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருவது மாதிரி.

வெண்பாவை இப்படி ஒரு மேசையில் பார்க்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் செய்து 2023 ஜூலை கடைசி நாளில் வெளியிட்ட விளையாட்டு. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தம்பதி, அவர்களின் மகன், அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு. குறிப்பேடு கிழிந்தும் மங்கியும் போயிருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஊகிப்பதுதான் புதிர், முதல் சமையலே இட்லி. நான் கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிட்டேன். ஆனால் வாழ்நாளில் இட்லிப் பாத்திரத்தையே பார்த்திராத ஒருவர், தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எது முதலில், எது பிறகு என்று விழிப்பதைப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். நிச்சயம் கத்தியிருப்பேன்.

இந்த ஆண்டு எந்த விளையாட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டால் பெயர் சொல்ல முடியாது. பெயர் தெரிந்தது எதையும் என் நோட்டில் எழுதுவதில்லை, அதற்கு மகன் இருக்கிறான். அவன் பட்டியல் வரைபடத்தோடு தயாராக இருக்கிறது. எந்த அரங்கு எந்த மாடியில், எதற்கு முதலில் ஓட வேண்டும் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கிறான். என் நோட்டில் இருப்பது எல்லாம் ஆசைகள். மழை பெய்யும் விளையாட்டு ஏதாவது வேண்டும். சண்டை இல்லாமல் ஒன்று. ஒரே திரையை இரண்டு பேர் பகிர்ந்து விளையாடுவது ஒன்று. அப்புறம் தனியாளாக வந்து, மேசையை விட்டு நகர முடியாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்கும் யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கென்று ஒரு பாட்டில் கூடுதலாக எடுத்துப் போகிறேன்.

முகக்கவசமும் பையில் இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தால் ஒரு வாரம் இருமலும் சளியும் நிச்சயம். பேக்ஸ் பாக்ஸ், அதாவது பேக்ஸ் அம்மை என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2009இல் பன்றிக் காய்ச்சலே இங்கிருந்து பலர் வீட்டுக்குப் போயிருக்கிறது. முகக்கவசம் போட்டால் நான் உதட்டைப் பிதுக்குவது அவர்களுக்குத் தெரியாதே என்று மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். புருவத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும்.

ஒப்பந்தம் இதுதான்: காலை அவன் வரிசை, மதியம் இரண்டு மணிக்கு மேல் என் மேசைகள். சென்ற ஆண்டு வரை என் பின்னால் சலிப்போடு வந்தவன், அந்தச் சுவர்க் கதையைக் கேட்டதிலிருந்து இந்த மதியத்தை விட்டுக்கொடுக்க மறுக்கிறான். நேற்று இரவு சாப்பிடும்போது கேட்டான்.

"அம்மா, விளையாடும்போது ஏதாவது தப்பாக இருந்தால் உடனே அவர்களிடம் சொல்லிவிட வேண்டுமா?"

"சொல்ல வேண்டாம். நீ பாட்டுக்கு விளையாடு. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்."